ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்

பால் சட்டியின் அடி பளபளவென்று இருந்தது.

பூமாரி அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தாள். புதன்கிழமை அடிப்பிடித்துக் கருகிய சட்டி. நாலு நாள் ஊறப்போட்டும் கம்பி நார் போட்டுத் தேய்த்தும் போகாத கறுப்பு, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. அதற்குப் பக்கத்தில் குழம்புச் சட்டி, சோற்றுப் பானை, தோசைக்கல் எல்லாம் புறவாசல் சுவரோடு ஒட்டி, சிறியதிலிருந்து பெரியது என்று வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவள் ஒருநாளும் வரிசை பார்த்துக் கவிழ்த்தவள் இல்லை. ராத்திரி இவ்வளவும் எச்சில் காய்ந்து தொட்டியில் கிடந்தன. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுத்தான் படுக்கப் போயிருந்தாள். சட்டியை மூக்கருகே கொண்டுபோனாள். சோப்பு வாசனை இல்லை. சாம்பல் வாசனை அடித்தது. நனைந்த விறகுச் சாம்பல். அந்த வளவில் இருக்கிற ஆறு வீட்டிலும் விறகு எரித்துப் பத்து வருடமாகிறது.

அம்மா தேய்த்திருக்க முடியாது. விசைத்தறிக் கூடத்தில் தறிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்து இரண்டு வருடமாகிவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. அப்போது பூமாரி பதினோராம் வகுப்பு. அம்மா எழுந்து உட்காரும் வரைக்கும் என்று இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்தாள். அந்த லீவு இன்னும் முடியவில்லை. அண்ணன் மாரிக்கண்ணன் திருப்பூரில் இருக்கிறான். பொங்கலுக்கும் கோயில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கும் வருவான். போன வாரம் தபசுக்கு வந்து, அம்மாவின் கட்டிலோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விட்டான்.

மற்ற நாட்களில் தெரு முழுக்கத் தறிச் சத்தம் இருக்கும். அதற்குள் வீட்டில் எது விழுந்தாலும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை தறிகள் நின்றுவிடும். குழாயில் சொட்டும் தண்ணீர், அம்மாவின் மூச்சு, கொடிக் கம்பியில் ஆடிக் காற்று இழுக்கும் இழுப்பு, எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். அன்று காலை சட்டியும் கையுமாகப் புறவாசலில் நின்று பூமாரி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே போய் போனை எடுத்தாள். வாட்ஸாப் குழுவில் ஒரு போட்டோ வந்திருந்தது. வரிசையாகக் கவிழ்த்த பாத்திரங்கள். கீழே ஒரு வார்த்தை.

"முடிஞ்சது."

அனுப்பியது சுந்தரம்மாள்.

போட்டோவைப் பெரிதாக்கினாள். ஓரத்தில் இருந்த பால் சட்டியின் விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் தெரிந்தது. அவள் அப்பா உயிரோடு இருந்தபோது கடையில் கொடுத்து வெட்டிய பெயர்.

அந்தக் குழுவில் நாலு பேர். அதில் மூன்று பேர் போனில் இலவசமாக நடந்த எம்பிராய்டரி வகுப்பில் பழக்கமானவர்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஜெபிதா வாசுதேவநல்லூர். ஜஸீமா கடையநல்லூர், கல்யாணமாகி மாமியாரோடு இருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் மறுநாள் வீட்டில் செய்ய வேண்டிய வேலைகளைத் தாளில் எழுதிப் படம் பிடித்துப் போட வேண்டும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் போட்டோ. நாலு மணிக்கு எல்லாரும் வேலை முடித்து, வட்டச் சட்டத்தில் துணியை மாட்டி, போனில் பேசிக்கொண்டே பூ தைப்பார்கள். வாரத்தில் பூமாரிக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

அதில் ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. யாருக்காவது முடியாமல் இருந்தால் அவளுடைய வேலையில் ஒன்றை இன்னொருத்தி எடுத்துக்கொள்வாள். தன் வீட்டில் அதே வேலையைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்து, இது அவள் பேருக்கு என்று போட்டோ போடுவாள். வேலைக்குச் சொந்தக்காரி அன்றைக்கு அந்த வேலையைத் தொடக் கூடாது. இல்லையென்றால் மனசு கேட்காமல் எல்லாரும் தாங்களே செய்துவிடுவார்கள், அப்புறம் என்ன ஓய்வு என்று ஜெபிதாதான் அந்தச் சட்டத்தைப் போட்டாள். எடுத்துக்கொண்டதைத் திரும்பக் கேட்கவும் கூடாது.

அன்று நாலு மணிக்கு ஜெபிதாவின் குரல்தான் முதலில் வந்தது. "ஏட்டி பூமாரி, எங்க வீட்டு ஒட்டடையை நீ எடுத்துக்கிட்டேன்னு நான் தொடாம இருந்தேன். எங்கம்மா சர்ச்சுல இருந்து வந்து ஏசுதா பாரு. உன் பேரைச் சொன்னேன். 'அந்தப் பிள்ளை போனுக்குள்ள இருந்து வந்து அடிக்குமாட்டி'ங்கா."

ஜஸீமா சிரித்தாள். பூமாரி சிரிக்கவில்லை.

"சுந்தரம்மாக்காவை யாரு குழுவுல சேத்தது?" என்று கேட்டாள்.

"உங்க தெரு ஆளுன்னுல்லா நெனச்சேன்" என்றாள் ஜெபிதா.

"நான் ஜெபிதாவோட சர்ச்சு ஆளுன்னு நெனச்சேன்" என்றாள் ஜஸீமா. "அவங்க ஒருநாளும் தன் லிஸ்ட்டைப் போட்டதில்ல, கவனிச்சீங்களா? அவங்க வீட்ல வேலையே கிடையாது போல. குடுத்து வச்சவங்க."

"அவங்க கழுவுனது எங்க வீட்டுப் பாத்திரம்" என்றாள் பூமாரி. "எங்க வீட்ல வந்து கழுவியிருக்காங்க."

ஜெபிதா, "அப்போ ரொம்ப நல்லதாப் போச்சு. இங்கனயும் வரச் சொல்லு. எங்க தொழுவம் மூணு நாளாக் கூட்டாம கிடக்கு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். சுந்தரம்மாள் பேசுவதில்லை. அவள் பேருக்கு மேலே இருந்த வட்டத்தில் முகம் இல்லை. கூட்டிச் சுத்தமாக்கிய ஒரு வெறும் சிமெண்டுத் தரை மட்டும் இருந்தது.

அன்றிரவு பூமாரி கதவுகளை இரண்டு தடவை சரிபார்த்தாள். குழுவை விட்டு வெளியேறிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனாள். ஆனால் கழுவ ஒரு பாத்திரம்கூட இல்லாமல் ஒரு நாள் முடிந்திருந்தது. இடுப்பு வலிக்கவில்லை. விரல் இடுக்கில் சோப்புத்தூள் எரியவில்லை. பயம் ஒரு பக்கம் இருந்தது. இன்னொரு பக்கம், இது அடுத்த வாரமும் நடந்தால் என்ன என்றும் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை பட்டியலில் எட்டு வேலை எழுதினாள். பாத்திரம், மாவு அரைக்க, துணி துவைக்க, தண்ணீர் பிடிக்க, அடுக்களை கழுவ, அம்மாவுக்குக் கஞ்சி, குளிப்பு, மருந்து. எழுதிப் போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முதல் ஐந்துக்கும் கீழே சுந்தரம்மாளிடமிருந்து வரிசையாக வந்தது. எடுத்துக்கிட்டேன். எடுத்துக்கிட்டேன். எடுத்துக்கிட்டேன்.

மறுநாள் அவள் எழுந்தபோது மாவு அரைத்து மூடி வைத்திருந்தது. அடுக்களைத் தரை ஈரம் காயாமல் குளிர்ந்து கிடந்தது. துணிகள் கொடியில் நுனிக்கு நுனி பிடித்துக் காயப் போடப்பட்டிருந்தன. அவளுடைய நீல நைட்டி மட்டும் கொடியில் இல்லை. தேடவில்லை. எல்லாவற்றிலும் அந்தச் சாம்பல் வாசனை.

பக்கத்து வீட்டு ஜெயசித்ரா மதினி வாசலைக் கூட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "என்ன பூமாரி, உங்க சொந்தத்துல யாரும் வந்திருக்காவளா?"

"இல்லியே மதினி."

"காலையில குழாய்ல தண்ணி வந்தப்ப உங்க குடத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளே ஒருத்தி. உன் நைட்டியைப் போட்டிருந்தா. நீதான்னு நெனச்சு ரெண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்ல. ஏன் கோவம்னு நெனச்சேன். நடை வேற மாதிரி இருக்கவும்தான் நீ இல்லைன்னு தெரிஞ்சுது."

"எப்படி நடந்தா?"

மதினி விளக்குமாற்றை நிறுத்தி யோசித்தாள். "இந்தச் சின்னப்பிள்ளைக புதுசா நடக்கப் படிக்குமே, அப்படி."

பூமாரி வீட்டுக்குள் வந்து அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துப் போனாள். அம்மாவின் வாயோரம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. நெஞ்சில் விரித்த துண்டில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. கரண்டியை நீட்டினால் அம்மா வாயைத் திறக்கவில்லை. வயிறு நிறைந்தவள் போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கஞ்சி கொடுப்பது பட்டியலில் இருந்தது. அதை யாரும் எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அம்மா அவளிடம் ஒட்டவில்லை. தொட்டால் உடம்பை இறுக்கிக்கொண்டாள். சேலை மாற்றும்போது இடது கையால் தள்ளினாள். சில நேரம் பூமாரியின் தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால் யாரோ நிற்பதைப் போலப் பார்த்துக் கண்கள் விரிவாள். இரண்டு வருடமாக எதையும் பார்த்து விரியாத கண்கள். பூமாரி திரும்பிப் பார்ப்பாள். அலமாரி, காலண்டர், காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னல் கதவு. வேறொன்றும் இருக்காது. மறுபடி அம்மாவைப் பார்க்கும்போது அந்த முகம் பழையபடி செத்துப்போயிருக்கும்.

எவ்வளவு செய்தும் இவளுக்கு நான் ஆகவில்லை என்று பூமாரிக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் அழுகை வரவில்லை. கொட்டாவி வந்தது.

சனிக்கிழமை அம்மா மூன்று தடவை படுக்கையை நனைத்தாள். மூன்றாவது தடவை விரிப்பை உருவும்போது, வாயில் ஒதுக்கி வைத்திருந்த கஞ்சியைப் பூமாரியின் முகத்தில் துப்பினாள். வெளியே காற்று தெருப் புழுதியை அள்ளிக் கதவில் அடித்தது. பூமாரி முகத்தைத் துடைக்காமல் கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். விரிப்பு மடியில் கிடந்தது. ஈரம் தொடையில் இறங்கியது. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அங்கே உட்கார்ந்தபடியே அந்த வாரப் பட்டியலை எழுதினாள். ஒரே ஒரு வரி.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள.

சாப்பாடு, குளிப்பு, மருந்து என்று பிரித்து எழுதவில்லை. முழுவதும் யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. ஒரு நாளைக்கு என்றும் எழுதவில்லை. அதைப் படம் பிடித்துப் போட்டாள்.

ஜெபிதா உடனே குரல் அனுப்பினாள். "ஏட்டி, என்னட்டி இது? அம்மையைப் போய் லிஸ்ட்ல போடுவாகளா? முதல்ல அழி. ரொம்ப முடியலைன்னா சொல்லு மக்கா, நாளைக்கு ஆராதனை முடிஞ்சு பஸ் ஏறி நான் வாரேன். நெசமாத்தான் சொல்லுதேன்."

பூமாரி அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கீழே சுந்தரம்மாளின் பதில் வந்துவிட்டது.

"எடுத்துக்கிட்டேன்."

அழிக்க விரலை வைத்தாள். அழித்தாலும் ஒன்றும் மாறாது என்று தெரிந்தது. கட்டிலில் அம்மா இவளைப் பார்க்காமல், கதவைப் பார்த்தபடி படுத்திருந்தாள். வீட்டுக்கு விருந்தாளி வரப்போகிற நாளில் பிள்ளைகள் பார்ப்பதைப் போல. பூமாரி போனை அணைத்தாள். விரிப்பை அங்கேயே போட்டுவிட்டு முன் அறைக்குப் போய்ப் பாயில் விழுந்தாள். தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது மறுநாள் மதியம் மூன்றரை.

இரண்டு வருடத்தில் அவள் இப்படித் தூங்கியதில்லை. உடம்பில் எங்கேயும் வலி இல்லை. அது நன்றாக இருந்தது, சில விநாடிகளுக்கு. பிறகு அம்மாவின் காலை மாத்திரை நினைவுக்கு வந்தது. எழுந்து உட்கார்ந்தாள். தறிகள் ஓடாத தெரு. காற்றும் நின்றுபோயிருந்தது. வெயில் வாசற்படியில் அசையாமல் கிடந்தது. வீடு முழுக்கப் பவுடர் வாசனையும், அதற்கு அடியில் ஈரச் சாம்பலும்.

உள் அறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

வாளியில் முகந்து, மெல்ல ஊற்றி, நிறுத்தி, மறுபடி முகந்து. அவசரமே இல்லாத சத்தம். அவள் ஒருநாளும் அம்மாவுக்கு அப்படி ஊற்றியதில்லை. ஐந்து நிமிடத்தில் துடைத்து முடித்துவிடுவாள்.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்தக் கதவில் தாழ்ப்பாளே கிடையாது. அம்மாவை ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவந்த அன்று அண்ணன் கழற்றி எறிந்துவிட்டான்.

"அம்மா."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

உள்ளே யாரோ சிரித்தார்கள். சின்னச் சிரிப்பு. கூச்சம் காட்டும்போது சிரிக்கிற சிரிப்பு. அம்மாவின் சிரிப்பு.

"போதும்ட்டி. கை வலிக்கப் போவுது உனக்கு."

பூமாரியின் கைகள் கதவில் அப்படியே நின்றன. அம்மாவின் குரல். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய அந்தப் பெரிய குரல். ஒரு வார்த்தையும் குழறவில்லை.

கதவைத் தட்டினாள். உள்ளங்கையால் அடித்தாள். "அம்மா! கதவைத் திற. அம்மா!"

"யாரு?"

"நான்தாம்மா. பூமாரி."

உள்ளே ஈரத் துணி பிழியும் சத்தம். பிறகு அம்மா, குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருக்கும் யாரிடமோ சொன்னாள்.

"ஏட்டி பூமாரி, வெளிய எவளோ வந்து உன் பேரைச் சொல்லிக்கிட்டு நிக்கா."

பதில் கேட்கவில்லை.

"நீ இரு. நான் போய்ப் பாக்கேன்."

கட்டில் முனகியது. ஒரு அடி. இன்னொரு அடி. இழுத்து நடக்கவில்லை. இரண்டு காலும் தரையில் பதிந்து வந்தன. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு கால்கள். தட்டுத் தடுமாறி, ஈரமாக.

பூமாரி பின்னால் நகர நினைத்தாள். முடியவில்லை. இது என் அம்மா. அது மட்டும்தான் மனதில் ஓடியது. நான் எழுதியது தப்பு. திரும்பக் கேட்கிறேன். திரும்பக் கொடு.

தாழ்ப்பாள் விலகியது.

கதவு ஒரு சாண் திறந்தது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம். முகத்தில் பவுடர். சலவைச் சேலை. வாய் கோணவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் காட்டுகிற மரியாதையோடு பூமாரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரும்மா நீ? யாரைப் பாக்கணும்?"

"அம்மா, நான்..."

"என் மகளையா? அவ தலை பின்னிக்கிட்டு இருக்கா. இப்ப வர முடியாது."

அம்மாவின் தலைமுடியைப் போன மாதம்தான் பூமாரி ஒட்ட வெட்டியிருந்தாள். சிக்கெடுக்க நேரம் இல்லை என்று. இப்போது அது இடுப்பைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி இறங்கியிருந்தது. கறுத்து, ஈரமாக. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகள் அதைப் பின்னிக்கொண்டிருந்தன. நீல நைட்டியின் கை. இடது ஆள்காட்டி விரல் நுனியில், பூமாரிக்கு இருப்பதைப் போலவே, ஊசி குத்திய புள்ளிகள்.

முகம் தெரியவில்லை. பூமாரி இடது பக்கம் சாய்ந்து பார்த்தாள். அம்மாவும் இடது பக்கம் நகர்ந்தாள். வலது பக்கம் சாய்ந்தாள். அம்மாவும் நகர்ந்தாள்.

"அங்கன என்ன பாக்க?" அம்மாவின் குரலில் மரியாதை போயிருந்தது. "பிள்ளை பயப்படுதால்லா. போ வெளிய."

பயப்படுகிற பிள்ளை பின்னுவதை நிறுத்தவில்லை. முடியில் ஒரு புரி எடுத்து மறு புரியின் மேல் போட்டது. இழுத்தது. மறுபடி ஒரு புரி.

அம்மா வலது கையை உயர்த்தினாள். இரண்டு வருடமாக அசையாத கை. அதைக் கதவு நிலையில் குறுக்கே வைத்தாள். மகளுக்கும் அவளைப் பறிக்க வந்தவளுக்கும் நடுவில், விரல்கள் வெளுக்க, மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு.